குரல் இருக்கும்போதே

"ஹோஸ்பிஸா? அது கடைசி நாளுக்குத்தானே?" கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நான் அடிக்கடி கேட்டது இது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹோஸ்பிஸ், புற்றுநோயாளிகளோடு, தசையை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செத்துப்போகும் நோயாளிகளையும் ஆரம்பத்திலேயே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் ஹோஸ்பிஸ் என்றாலே புற்றுநோய் என்று ஆகிவிட்டது. 1990இல் உலகச் சுகாதார நிறுவனம் தந்த விளக்கமும், குணமாக்கும் சிகிச்சை பலிக்காதவர்களைத்தான் குறித்தது. 1991இல் கோலாலம்பூரில் ஹோஸ்பிஸ் மலேசியா பிறந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அதன் தாதியர் வீடு தேடிப் போகிறார்கள், கட்டணம் கிடையாது. 2002இல் விளக்கம் மாறியது. நோயின் தொடக்கத்திலேயே, மற்ற சிகிச்சையோடு சேர்த்தே இந்தப் பராமரிப்பைத் தரலாம் என்றார்கள். 2019இல் நம் நாட்டுக்கும் 2030 வரைக்குமான தேசியக் கொள்கை வந்தது.

இருபத்தைந்து வயதில் நரம்பு நோய் வந்தவருக்கு அந்த 2002 திருத்தம்தான் முக்கியம்னு நினைக்கிறேன். கை, கால், விழுங்குவது, மூச்சு என்று ஒவ்வொன்றாகப் போகும். பல சமயம் பேச்சும் போகும். குழாய் வழி உணவு வேண்டுமா, மூச்சுக்கருவி வேண்டுமா என்று கேட்டால் அம்மா அப்பா முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார்கள். கேட்க வேண்டியது அந்தப் பிள்ளையை. கடைசி வாரத்தில் வரும் தாதியால் வலியைக் குறைக்க முடியும். போன குரலிடம் பதில் வாங்க முடியாது.