உள்ளங்கைக்குள் 18 குழி

கோல்ஃப்னாலே நம்மாளுங்களுக்குப் பணக்காரத் தொப்பையும் பேட்டரி வண்டியும்தான் ஞாபகம் வரும். ஆனா கையடக்க கேம் கருவிகளோட சரித்திரத்தைப் பார்த்தா, இந்த ஆட்டம் அளவுக்கு அதுல பொருந்தின விளையாட்டு வேற இல்லைன்னுதான் சொல்லுவேன். கிரிக்கெட், கால்பந்து எல்லாத்துலயும் நடுவுல நிறுத்தினா ஆட்டத்தோட சூடு போயிடும். கோல்ஃப்ல பந்து உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். பஸ்ஸு ஸ்டாப்பு வந்துடுச்சா, மூடி வைங்க. சாயங்காலம் திறந்தாலும் அதே புல்லு, அதே பந்து.

இந்தக் கதை கையடக்கக் கருவியில ஆரம்பிக்கலை. 1984ல ஜப்பான்ல நின்டெண்டோவோட ஃபேமிகாம் (வெளியூர்ல என்.இ.எஸ்.) கருவிக்கு 'கோல்ஃப்'னு மொட்டையா ஒரு பேரோட ஒரு ஆட்டம் வந்தது. அதுக்கு நிரல் எழுதினவர் சதோரு இவாட்டா. அப்போ ஹால் லேபரட்டரிங்கற சின்னக் கம்பெனியில வேலை, வயசு 24. பின்னாடி 2002ல நின்டெண்டோவுக்கே தலைவரானாரே, அவரேதான்.

அந்தக் காலத்து கேட்ரிட்ஜ்ல 18 குழியையும் அடைக்கவே முடியாதுன்னு மத்தவங்க கைவிரிச்ச வேலை அது. மனுஷன் துணிஞ்சு ஒத்துக்கிட்டு, தகவலைச் சுருக்கற முறையைத் தானே எழுதி உள்ளே திணிச்சார். மொத்தமும் சுமார் 24 கிலோபைட். இந்தப் பதிவுல ஒரு போட்டோ போட்டா அதுவே இதைவிடப் பெரிசா இருக்கும் :-)

அதோட, அடிக்கறதுக்கு அவர் வெச்ச பட்டை. ஒரு தடவை பட்டனை அழுத்தினா கோடு ஓட ஆரம்பிக்கும். ரெண்டாவது அழுத்துல எவ்வளவு பலம்னு முடிவாகும். கோடு திரும்பி வர்றப்போ மூணாவது அழுத்து. அது சரியா விழுந்தா பந்து நேரா போகும், கொஞ்சம் முந்தினாலோ பிந்தினாலோ இடம் வலமா வளைஞ்சு மரத்துக்குள்ள. ஒரே பட்டன், மூணு அழுத்து, அவ்வளவுதான். இதுக்கப்புறம் வந்த கோல்ஃப் ஆட்டங்கள்ல பெரும்பாலானவை இந்தப் பட்டையைத்தான் ஏதோ ஒரு ரூபத்துல எடுத்துக்கிச்சு. 1989ல கேம் பாய் வந்த வருஷமே அதுலயும் கோல்ஃப் வந்துடுச்சு. 160க்கு 144 புள்ளித் திரை, நாலே நாலு சாயம். புல்லு, மணல், தண்ணி எல்லாமே அந்த நாலுக்குள்ளதான். ஆனாலும் ஆட முடிஞ்சதுன்னா அந்தப் பட்டையோட மகிமை.

அடுத்த திருப்பம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1997ல சோனியோட பிளேஸ்டேஷனுக்கு 'மின்னா நோ கோல்ஃப்' வந்தது. 'எல்லாரோட கோல்ஃப்'னு அர்த்தம். அமெரிக்காவுல 'ஹாட் ஷாட்ஸ் கோல்ஃப்'. பெரிய தலை, குட்டை உடம்பு, ஒவ்வொரு அடிக்கும் ஒரு குதியாட்டம். செஞ்சது கேம்லாட் கம்பெனி. முதல் ஆட்டம் முடிஞ்ச கையோட அவங்க நின்டெண்டோ பக்கம் போயிட்டாங்க. 1999ல மரியோ கோல்ஃப் அவங்க கைவண்ணம்தான். சோனி பக்கம் தொடரை கிளாப் ஹான்ஸ்னு வேற ஒரு கம்பெனி எடுத்துக்கிச்சு. ஆக, பின்னாடி மல்லுக்கட்டின ரெண்டு குடும்பத்துக்கும் மூதாதை ஒண்ணு!

கேம்லாட்காரங்க 'ஷைனிங் ஃபோர்ஸ்' மாதிரி கதை சொல்லும் ஆர்.பி.ஜி. ஆட்டங்கள் செஞ்சு பழகினவங்க. அந்தப் பழக்கம் 1999ல கேம் பாய் கலருக்கு வந்த மரியோ கோல்ஃப்ல வெளிப்பட்டுச்சு. பேரு மரியோவோடது, ஆனா கதைப் பகுதியில நீங்க ஒரு சாதாரணப் பையனோ பொண்ணோ. கிளப்புல சுத்தலாம், ஆளுங்ககிட்ட வம்பளக்கலாம், ஜெயிச்சா அனுபவப் புள்ளி ஏறும். அதை எந்தத் திறமைக்குப் போடறதுன்னு நீங்களே முடிவு பண்ணணும். பந்து தூரமா போகணும்னு அதுக்கே அள்ளிப் போட்டா அப்புறம் அவஸ்தைதான். 2004ல கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்த அடுத்த பாகமும் இதே ரூட்டு. சும்மா சொல்லக்கூடாது, 2017ல ஆஸ்திரேலியாவுல ரெண்டு பேர் சேர்ந்து செஞ்ச 'கோல்ஃப் ஸ்டோரி' வரைக்கும் இந்தச் சின்ன கேட்ரிட்ஜோட நிழல் விழுந்திருக்கு. 2021ல வந்த 'மரியோ கோல்ஃப்: சூப்பர் ரஷ்' பந்தை அடிச்சுட்டுப் பின்னாடியே ஓட வெச்சது. ஓடறதுக்கு எதுக்குங்க கோல்ஃப்?

சோனி தரப்புல, 2004 டிசம்பர் 12 அன்னிக்கு பி.எஸ்.பி. ஜப்பான்ல விற்பனைக்கு வந்தப்போ கூடவே வந்த ஆட்டங்கள்ல ஒண்ணு 'மின்னா நோ கோல்ஃப் போர்ட்டபிள்'. எதிராளியைத் தோற்கடிச்சா தொப்பியும் சட்டையும் கிடைக்கும். அந்தத் தொப்பிக்காக ராத்தூக்கம் கெட்டவங்க எத்தனை பேரோ. 2011ல வீட்டா வந்தப்பவும் முதல் நாளே இந்தத் தொடர் ஆஜர்.

இவாட்டா கிட்டத் திரும்பி வர்றேன். 2015 ஜூலை 11, பித்தநாளத்துல வந்த கட்டியால 55 வயசுல இறந்துட்டார். 2017 மார்ச்ல ஸ்விட்ச் வந்தது. அந்த செப்டம்பர்ல கருவியோட மென்பொருளைத் துருவினவங்க உள்ளே ஒரு பழைய ஆட்டம் இருக்கறதைக் கண்டுபிடிச்சாங்க. பேரு 'ஃப்ளாக்'. ஆங்கிலத்துல கோல்ஃபைத் திருப்பிப் போட்டா வர்ற எழுத்துக்கள். ஆமாம், அதே 1984 ஆட்டம். அதுவும் சும்மா திறக்காது. கருவியோட தேதி ஜூலை 11ஆ இருக்கணும். ரெண்டு ஜாய்-கானையும் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, இவாட்டா தன் வீடியோக்கள்ல "நேரடியா உங்களுக்கு"ன்னு ரெண்டு கையையும் முன்னால நீட்டுவாரே, அதே மாதிரி நீட்டணும்.

நின்டெண்டோ இதைப் பத்தி விளம்பரம் பண்ணலை. விக்கறதுக்கும் வைக்கலை. ஜப்பான்ல கோயில்ல வாங்கி வெச்சுக்கற தாயத்து மாதிரி ஒவ்வொரு கருவிக்குள்ளயும் வெச்சிருக்காங்கன்னு அங்கே சிலர் எழுதினாங்க. அதைப் படிச்சப்போ எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. 24 கிலோபைட்டுக்குள்ள 18 குழியைத் திணிச்ச மனுஷனை, லட்சக்கணக்கான பெட்டிக்குள்ள அதே மாதிரி சத்தமில்லாம திணிச்சு வெச்சிருக்காங்க.

பின்னாடி வந்த மென்பொருள் புதுப்பிப்புல அதை எடுத்துட்டாங்க. காரணம் சொல்லலை. 2017லயே வாங்கி, நெட்டுல இணைக்காம அப்படியே மூலையில போட்டு வெச்ச ஸ்விட்ச் யார்கிட்டயாவது இருந்தா, தயவுசெஞ்சு அப்டேட் மட்டும் பண்ணிடாதீங்க. ஜூலை 11 வரைக்கும் பொறுங்க.