இன்டெக்ரின்: செல்லின் பிடியும் சேதியும்

செல்லின் மேலுறையை ஊடுருவி நிற்கும் புரதம் இன்டெக்ரின். அதன் வெளிமுனை கொலாஜன், ஃபைப்ரோனெக்டின் போன்ற புரதங்களைப் பற்றிக்கொள்ளும். உள்முனை டாலின் என்ற புரதத்தின் வழியாக ஆக்டின் இழைகளோடு சேரும். ஆல்பா, பீட்டா என இரு சங்கிலிகள் ஜோடி சேர்ந்தால் ஓர் இன்டெக்ரின். மனித உடலில் இப்படி 24 ஜோடிகள் உண்டு. 1986இல் ரிச்சர்டு ஹைன்ஸின் ஆய்வுக்குழு இப்பெயரைச் சூட்டியது.

இதை வெறும் பசை என்று நினைத்தால் பாதிதான் புரிந்தது. வெளியே இழுவை வந்தால் டாலின் விரிந்து நீளும். அதன் மடிப்புகளுக்குள் மறைந்திருந்த இடங்களில் வின்குலின் வந்து ஒட்டிப் பிடியை இறுக்கும். எஃப்ஏகே என்ற நொதி அங்கே கூடி, பாஸ்பேட் ஏறி, எஸ்ஆர்சி என்ற இன்னொரு நொதியைச் சேர்த்துக்கொள்ளும். நகர்வதா, பிரிந்து பெருகுவதா என்ற முடிவுகளில் இப்படி உள்ளே போகும் சேதிக்குப் பெரிய பங்கு உண்டு. பற்றுக்கோடு இழந்த செல்கள் பல தாமாகவே மடிந்துவிடுகின்றன.

சேதி உள்ளிருந்து வெளியேயும் போகும். ரத்தத் தட்டணுவின் இன்டெக்ரின் சாதாரண நேரத்தில் மடங்கிக் கிடக்கும். காயம் பட்டதும் உள்ளே டாலின் அதன் வாலைத் தொட, அது நிமிர்ந்து ஃபைப்ரினோஜனைப் பிடிக்கும். ஃபைப்ரினோஜனின் மறுமுனையை அடுத்த தட்டணு பிடிக்க, காயத்தின் வாய் அடைபடும்.

இந்தப் பிடியைத் தடுக்கும் பொருள் திருநெல்வேலிச் சீமையின் பாம்பொன்றின் நஞ்சிலேயே இருக்கிறது. தாமிரபரணிப் பாசனத்துக்கு எட்டாத மானாவாரிக் காட்டிலும் செம்மணல் தேரியிலும் நடமாடும் சுருட்டை விரியன் பெரும்பாலும் இரண்டடிக்குள்தான் இருக்கும். சீண்டினால் செதில்களை உரசிச் சரசரக்கும். கடிபட்டவரின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசையாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பது மருத்துவமனை வழக்கம். உறையாமல் ஓடினால் நஞ்சு ரத்தத்தில் வேலை செய்கிறது. உறைபொருள்களை நஞ்சின் நொதிகள் தீர்த்துவிடுவதே இதற்கு முதற்காரணம்.

அதே நஞ்சில் 49 அமினோ அமிலங்கள் கொண்ட எக்கிஸ்டாட்டின் என்ற சிறுபுரதமும் உண்டு. அதிலுள்ள ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம் என்ற மூன்று அமினோ அமிலச் சாவி, 1984இல் ஃபைப்ரோனெக்டினில் எர்க்கி ருவோஸ்லாட்டியின் குழு கண்டறிந்த அதே சாவி. அது தட்டணுவின் இன்டெக்ரினில் போய் உட்கார்ந்துவிட்டால் ஃபைப்ரினோஜனுக்கு இடமில்லை.

இந்தச் சாவியின் வடிவத்தைப் பார்த்து உருவாக்கிய டைரோஃபிபான் மருந்துக்கு 1998இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. இதய ரத்தக்குழாயில் ரத்தம் கட்டி உறைவதைத் தடுக்க மாரடைப்பு நோயாளிகளுக்கு அது சிரை வழியே ஏற்றப்படுகிறது.