பாதியில் நின்றுபோகும் சேதி: சப்வெர்ஷன் கேஷ் கற்றுத்தந்தவை

பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் எழுதியது எழுதியதுதான். சப்வெர்ஷன் களஞ்சியத்தில் 500ஆம் பதிப்பு பதிவாகிவிட்டால் அதிலுள்ள கோப்புகளின் உள்ளடக்கம் பிறகு மாறுவதில்லை. மாறாது என்று உறுதியாகத் தெரிந்த தரவை எத்தனை செயல்முறைகள் வேண்டுமானாலும் தத்தம் நினைவகத்தில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். யாரும் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. கேஷ் வைப்பதற்கு இதைவிடத் தோதான தரவு கிடைப்பது அரிது.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. பதிந்தவர் யார், பதிந்த நேரம் என்ன, அவர் எழுதிய குறிப்பு என்ன என்னும் விவரங்கள் ஒவ்வொரு பதிப்போடும் ஒட்டியிருக்கின்றன. பதிப்புப் பண்புகள் எனப்படும் இவற்றைப் பின்னாளில் திருத்தலாம். குறிப்பில் வழு எண்ணைத் தவறாக எழுதிவிட்டு மறுநாள் சரிசெய்வது எந்த மென்பொருள் குழுவிலும் நடக்கிற காரியம். திருத்தினால் பழைய மதிப்பு மிஞ்சாது. அதனால்தான், களஞ்சியப் பொறுப்பாளர் அதற்கென ஒரு ஹூக் ஸ்கிரிப்டை வைத்து அனுமதித்தாலொழிய சப்வெர்ஷன் இந்தத் திருத்தத்தை ஏற்பதில்லை.

சில நூறு பைட்டுகளே கொண்ட இந்தப் பண்புகளைக் கேஷில் வைப்பதற்கு 1.8, 1.9, 1.10 ஆகிய மூன்று வெளியீடுகளும் மூன்று வெவ்வேறு வழிகளைக் கையாண்டன. 2013இல் தொடங்கி 2018இல் முடிந்த அந்த மாற்றங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வர முடிகிறது. கேஷைப் பகிரும் செயல்முறைகளுக்கு இடையிலான தொடர்பை வேகத்தைக் கொண்டு மதிப்பிடக் கூடாது. சேதி சொல்பவர் பாதியில் செத்துப்போனால் கேட்பவர் எதை நம்புவார் என்பதைக் கொண்டுதான் மதிப்பிட வேண்டும். தொடர்பே தேவைப்படாதபடி வடிவமைக்க முடிந்தால் அது இன்னும் மேல்.

முதலில், பேசிக்கொள்ள வேண்டியவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். ஒரே களஞ்சியத்தை அப்பாச்சி வெப்சர்வரின் பல செயல்முறைகள் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கலாம். பக்கத்தில் எஸ்விஎன்சர்வ் என்னும் தனி சர்வர் ஓடிக்கொண்டிருக்கலாம். எஸ்எஸ்ஹெச் வழியாக வருபவர்களுக்கு ஆளுக்கொரு செயல்முறை, அவரவர் பயனர் கணக்கிலேயே பிறந்து, இணைப்பு முடிந்ததும் மடிகிறது. இடையில் பொறுப்பாளர் எஸ்விஎன்அட்மின் கட்டளையை ரூட் கணக்கில் ஓட்டுவார். இவர்களுக்குப் பொதுவான தாய்ச் செயல்முறை கிடையாது. அனுமதிகள் வேறு, ஆயுள் வேறு. சில இடங்களில் கணினியே வேறு. களஞ்சியம் என்எஃப்எஸ் வட்டில் இருக்கும். ஒரே தரவுத்தள சர்வருக்குள் வாழும் செயல்முறைகளுக்குக் கிடைக்கும் ஒழுங்கு எதுவும் இங்கே இல்லை.

இந்த ஒழுங்கின்மையின் விலையைச் சப்வெர்ஷன் தன் தொடக்கக் காலத்திலேயே கொடுத்தது. 2004 பிப்ரவரியில் 1.0 வெளியானபோது களஞ்சியத்தின் அடித்தளம் பெர்க்லி டிபி. பூட்டுகளையும் இடையகங்களையும் அது பகிர் நினைவகத்தில் வைத்திருந்தது. படிக்க மட்டும் வருபவருக்கும் எழுதும் அனுமதி தேவைப்பட்டது. ஒருவர் உருவாக்கிய லாக் கோப்பை இன்னொருவரால் திறக்க முடியாமல் போகும். அதைத் தவிர்க்க எல்லாருடைய யூமாஸ்க் மதிப்பையும் ஒன்றாக்க வேண்டியிருந்தது. ஒரு செயல்முறை நடுவில் கொல்லப்பட்டால் அது பிடித்திருந்த பூட்டு அப்படியே நிற்கும், களஞ்சியம் முழுவதும் உறைந்துபோகும். பொறுப்பாளர் மற்ற எல்லாரையும் வெளியேற்றிவிட்டு மீட்புக் கட்டளையை ஓட்டினால்தான் மறுபடி உயிர் வரும். நெட்வொர்க் வட்டில் வைக்கவே கூடாது என்று ஆவணங்கள் எச்சரித்தன. சாதாரணக் கோப்புகளையும் பெயர்மாற்றத்தையும் நம்பிய எஃப்எஸ்எஃப்எஸ் என்னும் மாற்று 1.1இல் வந்தது; 1.2இல் அதுவே இயல்புநிலை ஆனது.

அந்தப் பாடம் இருந்தும், 2013 ஜூனில் வந்த 1.8 வெளியீட்டின் பதிப்புப் பண்புக் கேஷ் மறுபடியும் பகிர் நினைவகத்தின் பக்கம் போனது. காரணம் புரியாததல்ல. எஸ்விஎன் லாக் கட்டளை ஆயிரக்கணக்கான பதிப்புகளின் குறிப்புகளைக் கேட்கும். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கோப்பு. நெட்வொர்க் வட்டில் ஒவ்வொரு திறப்பும் ஒரு காத்திருப்பு. கேஷில் வைத்தால் வேகம் கிடைக்கும், ஆனால் வேறொரு செயல்முறை திருத்தியதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி வேண்டும். அதற்காகத் தலைமுறை எண் என்று ஒன்றை நினைவகத்தோடு பொருத்திய ஒரு கோப்பில் வைத்தார்கள். யாராவது பண்பைத் திருத்தினால் எண் ஏறும். மற்றவர்கள் எண்ணைப் பார்த்து, மாறியிருந்தால் தங்கள் கேஷை ஒதுக்கிவிடுவார்கள். தரவை அனுப்பாமல், உன்னிடம் இருப்பது பழசு என்று மட்டும் சொல்லும் இந்த எண்ணம் நல்ல எண்ணம்தான். எண்ணை வைத்த இடம்தான் சரியில்லை. நினைவகத்தோடு பொருத்திய கோப்பு ஒரே கணினிக்குள் மின்னல் வேகத்தில் சேதி சொல்லும். இரண்டு கணினிகளுக்கு இடையே அது எந்த உறுதியும் தருவதில்லை. அனுமதிச் சிக்கலும் அப்படியே திரும்பி வருகிறது. இந்த வசதியைப் பயனர் கேட்டால் மட்டுமே இயக்கும்படி விட்டார்கள். இயக்குமுன் ஆவணத்தைப் படிக்கச் சொல்லி எஸ்விஎன்சர்வின் உதவிக்குறிப்பும் அறிவுறுத்தியது.

2015 ஆகஸ்டில் வந்த 1.9, அந்த எண்ணைப் பகிர் நினைவகத்திலிருந்து எடுத்துச் சாதாரணக் கோப்புக்கு மாற்றியது. இந்த வடிவமைப்பை நிதானமாகப் பார்ப்பது பயன் தரும். எண்ணைப் படிக்கும் நொடியில் இன்னொருவர் அதை எழுதிக்கொண்டிருந்தால் பாதி பழசும் பாதி புதுசுமான எண் கையில் கிடைக்கலாம். அதைக் கண்டுபிடிக்க எண்ணுக்குப் பக்கத்திலேயே எம்டி5 சரிபார்ப்புத் தொகை எழுதப்பட்டது. பொருந்தாவிட்டால் அந்த வாசிப்பு செல்லாது. திறந்து வைத்திருக்கும் கோப்பு பழைய உள்ளடக்கத்தைக் காட்டக்கூடும் என்பதால், எண்ணை ஏற்றுமுன் கோப்பை மூடித் திறந்து மறுபடி படிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி மரணம் பற்றியது. புதிய பண்பைக் களஞ்சியத்தில் இட்டபின், எண்ணை ஏற்றுவதற்குள் செயல்முறை செத்துவிட்டால் மற்றவர்கள் பழைய கேஷையே காலமெல்லாம் நம்பிக்கொண்டிருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு திருத்தத்துக்கும் எண் இரண்டு முறை ஏறியது: தொடங்குமுன் ஒற்றைப்படைக்கு, முடிந்ததும் இரட்டைப்படைக்கு. ஒற்றைப்படை எண்ணைக் கண்டால், திருத்தம் நடந்துகொண்டிருக்கிறது அல்லது திருத்தியவர் இறந்துவிட்டார் என்று பொருள். எழுத வருபவர் எழுத்துப் பூட்டைப் பெற்ற பிறகும் எண் ஒற்றைப்படையாக இருந்தால் முன்னவர் இறந்தது உறுதி. அவர் உயிரோடு இருந்திருந்தால் பூட்டுக் கிடைத்திருக்காது. படிக்க மட்டும் வருபவர், அந்தக் கோப்பு மாறிப் 10 விநாடிக்கு மேல் ஆகியிருந்தால், தானே பூட்டைப் பெற்று எண்ணை ஏற்றிவிடுவார். பாதியில் நின்றுபோன சேதியைப் பாதியில் நின்றது என்றே படிக்க முடிகிற இந்த ஏற்பாட்டைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

இருந்தும் ஓட்டை முழுதாக அடைபடவில்லை. செயல்முறை செத்தபின் அந்தக் கால அளவுக்குள் படிப்பவர்களுக்குப் பழைய மதிப்பு கிடைக்கலாம் என்று மூலநிரலின் விளக்கக் குறிப்பே ஒப்புக்கொண்டது. கோப்பின் புதிய உள்ளடக்கத்தை உடனே காட்டும் பொறுப்பை அது இயங்குதளத்திடம் விட்டது. என்எஃப்எஸ் வட்டில் அந்த உறுதி பலவீனமானது. ஒருவர் கோப்பை மூடி இன்னொருவர் புதிதாகத் திறந்தால் மாற்றம் தெரியும், இடையில் தெரியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

2018 ஏப்ரலில் வந்த 1.10 தலைமுறை எண்ணையே தூக்கி எறிந்தது. செயல்முறைகள் இனி ஒன்றுக்கொன்று எதையும் சொல்லிக்கொள்வதில்லை. அதற்குப் பதிலாகச் சப்வெர்ஷன் நூலகத்தில் புதுப்பிப்பு அழைப்பு ஒன்று வந்தது. இந்த நொடிக்கு முன் முடிந்த திருத்தங்கள் அனைத்தும் எனக்குத் தெரிய வேண்டும் என்று படிப்பவர் அதன்மூலம் கேட்கலாம். கேட்டதும் அவருடைய பண்புக் கேஷ் செல்லாததாகிறது. அடுத்த முறை கேட்கும்வரை கையில் உள்ளதை நம்பி வேகமாகப் படிக்கலாம். எவ்வளவு புதியது வேண்டும் என்பது படிப்பவருக்குத்தான் தெரியும். அவரிடமே அந்த முடிவை விட்டதால் பகிர்ந்த எண், சரிபார்ப்புத் தொகை, 10 விநாடிக் காத்திருப்பு எதற்கும் வேலையில்லாமல் போனது.

இதனால் வேகம் போய்விடுமே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அடுத்தடுத்த கோரிக்கைகளுக்கு இடையே கேஷைச் சுமந்து செல்லும் லாபம் குறைகிறது. ஆனால் பல பதிப்புகளின் பண்புகளை ஒரே கோப்பில் அடுக்கும் வசதி 1.8இலேயே வந்துவிட்டது, ஒரு கோப்பைத் திறந்தால் அக்கம்பக்கத்துக் குறிப்புகளும் சேர்ந்து கிடைக்கும். லாக் கட்டளையின் வேகத்துக்கு இந்த அடுக்குமுறை நேரடியாக உதவுகிறது, அதுவும் யாரையும் யாரோடும் பேசவைக்காமல். மிச்சமிருக்கும் இழப்பு, தவறான குறிப்பைக் காட்டுவதைவிடச் சிறியது.

தொடர்பைத் தவிர்க்கவே முடியாத இடங்களும் உண்டு. கிட் மென்பொருளில் இலட்சக்கணக்கான கோப்புகள் உள்ள பணிக் கோப்புறையில் எது மாறியது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தால் ஸ்டேட்டஸ் கட்டளை மிக மெதுவாகும். அதற்காக 2022 ஏப்ரலில் வந்த 2.36 வெளியீடு, மேக் மற்றும் விண்டோஸ் கணினிகளுக்கு எஃப்எஸ்மானிட்டர் என்னும் பின்னணிச் செயல்முறையைச் சேர்த்தது. கட்டளை, கடைசியாகப் பெற்ற டோக்கனைக் கொடுத்து, அதன் பிறகு எவை மாறின என்று கேட்கும். பின்னணிச் செயல்முறை நடுவில் செத்து மறுபடி எழுந்திருந்தால் அந்த டோக்கன் அதற்கு அடையாளம் தெரியாது. அப்போது அது ஊகம் செய்வதில்லை. எல்லாமே மாறியிருக்கலாம் என்று பொருள்படும் ஒற்றைச் சாய்கோட்டைப் பதிலாகத் தருகிறது. கட்டளை பழையபடி ஒவ்வொரு கோப்பையும் சோதிக்கும். தாமதமாகும், ஆனால் பதில் தவறாகாது.

டோக்கன் சரியாக இருந்தாலும் ஒரு ஐயம் மீதி உண்டு: இயங்குதளம் அனுப்பிய அறிவிப்புகள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டனவா? பதில் சொல்லுமுன் பின்னணிச் செயல்முறை தானே ஒரு குட்டிக் கோப்பை உருவாக்கி, அந்த உருவாக்கம் பற்றிய அறிவிப்பு தனக்கு வரும்வரை காத்திருக்கிறது. அது வந்துவிட்டால் அதற்கு முன் நடந்த மாற்றங்களின் அறிவிப்புகளும் வந்துவிட்டன என்று கொள்ளலாம். கிட் வடிவமைப்பில் மிகவும் மதிக்கத்தக்க இடங்களில் இதுவும் ஒன்று.

கிட்டின் மற்றொரு பக்கம் அவ்வளவு சிறப்பாக இல்லை. இன்டெக்ஸ் கோப்பை மாற்றும் செயல்முறை முதலில் ஒரு பூட்டுக் கோப்பை உருவாக்கி, அதில் எழுதி, கடைசியில் பெயர்மாற்றுகிறது. படிப்பவர் முழுப் பழையதையோ முழுப் புதியதையோதான் காண்பார். பாதி எழுதியது கண்ணில் படாது. ஆனால் எழுதுபவர் திடீரென்று கொல்லப்பட்டால் பூட்டுக் கோப்பு அங்கேயே கிடக்கும். வேறொரு கிட் செயல்முறை ஓடுவதாகத் தெரிகிறது என்று திரையில் ஒரு செய்தி வரும், பயனர் தன் கையால் அந்தக் கோப்பை அழிக்க வேண்டும். உண்மையிலேயே வேறொரு செயல்முறை ஓடிக்கொண்டிருக்கும்போது அழித்தால் தீங்கு நேரும். எழுதியவர் இறந்தாரா இல்லையா என்று தீர்மானிக்கும் வேலையை, சப்வெர்ஷன் 1.9 நிரலுக்குக் கொடுத்தது; கிட் இன்னமும் மனிதரிடமே விட்டிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் சப்வெர்ஷன்காரர்களே சரியாகச் சிந்தித்தார்கள்.

சப்வெர்ஷன் நூலகத்தைக் கொண்டு கருவிகள் எழுதுவோர் 1.10இன் மாற்றத்தைக் கவனத்தில் கொள்ள வேண்டும். தேடல் அட்டவணை தயாரிக்கும் கருவி, களஞ்சியத்தை வலைப்பக்கமாகக் காட்டும் கருவி போன்றவை நாள்கணக்கில் ஓடக்கூடியவை. அவை புதுப்பிப்பு அழைப்பை விட்டுவிட்டால், வேறு யாரோ திருத்திய குறிப்பு அவற்றுக்குத் தெரியாமலே போகலாம். அந்தப் பொறுப்பு இப்போது படிப்பவருடையது. ஒவ்வொரு கோரிக்கையும் தொடங்கும் இடத்திலேயே அந்த அழைப்பை எழுதிவிடுங்கள்.