மட்டாஞ்சேரி அரண்மனை முடிசூட்டு மண்டபம்

கேரள மாநிலம் கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியில் உள்ள பழைய அரண்மனையின் நடு மண்டபம். கொச்சி அரசர்களின் முடிசூட்டுச் சடங்குக்கு உரிய கூடமாக இருந்தது. அச்சும் வானொலியும் இல்லாத காலத்தில், ஆட்சி கைமாறியதை அறிவிக்கும் இடங்களாக இத்தகைய அவைகளே விளங்கின.

தோற்றம்: அருகிலிருந்த கோயில் ஒன்றைக் கொள்ளையிட்ட போர்ச்சுக்கீசியர், கொச்சி அரசர் வீர கேரள வர்மாவின் (1537–1565) மனக்குறையைத் தீர்க்க இவ்வரண்மனையைக் கட்டிக் கொடுத்தனர் என்பர். கட்டிய ஆண்டை 1545 என்றும் 1555 என்றும் இருவகையாகக் குறிப்பிடுகின்றனர். 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் இதைப் புதுப்பித்தனர். கட்டியவர்கள் போர்ச்சுக்கீசியராக இருந்தும் டச்சு அரண்மனை என்ற பெயர் நிலைத்தது இதனால்தான்.

அமைப்பு: கேரளத்தின் நாலுகெட்டு முறையில் அமைந்த இரண்டு அடுக்குக் கட்டடம். முற்றத்தில் அரச குலதெய்வமான பழையன்னூர் பகவதியின் கோயில் உள்ளது. பள்ளியறைச் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. கருஞ்சலவைக்கல் போல் பளபளக்கும் தரை உண்மையில் கல்லன்று. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, செடிச்சாறு, முட்டை வெண்கரு ஆகியவற்றைக் கலந்து மெழுகியது.

மணிமுடி மரபு: பெரும்படப்பு சுவரூபம் எனப்படும் கொச்சி அரச மரபினரின் பழைய முடிசூட்டுத் தலம் வன்னேரி. அது கோழிக்கோட்டு அரசரான சாமூதிரியின் வசமானபின், அதை மீட்கும்வரை மணிமுடியைத் தலையில் அணிவதில்லை என அரசர்கள் உறுதி பூண்டனர் என்று மரபு கூறுகிறது. முடியை மடியில் வைத்துக்கொள்வதே வழக்கமாயிற்று. இழந்த மண்ணின் நினைவைச் சடங்கின் நடுவிலேயே வைத்துக் காத்த அரச மரபுகள் அரியவை.

பிற்காலம்: சக்தன் தம்புரான் (1790–1805) ஆட்சியில் திருச்சூர் முதன்மை பெற்றது. பின்னர் அரச அலுவல்கள் திருப்பூணித்துறைக்கு நகர்ந்தன. 1949 ஜூலை 1 அன்று கொச்சியும் திருவிதாங்கூரும் இணைந்தன. 1951இல் அரண்மனை மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாயிற்று. 1985இல் இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாயிற்று. 1864 முதல் ஆண்ட கொச்சி அரசர்களின் ஓவியங்கள் இம்மண்டபத்தில் இடம்பெற்றுள்ளன. பல்லக்கு, அம்பாரி, வாள்கள், அரச உடைகள் ஆகியவையும் அரண்மனையில் காட்சிக்கு உள்ளன.

இங்கு செல்வோர் சுவரிலுள்ள அரசர்களைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், பெயர் தெரியாத கைவினைஞர்கள் சிரட்டைக்கரியால் மெழுகிய தரையையும் உற்றுப் பார்க்க வேண்டும்.