மலைமேல் நின்ற எஞ்சின்கள்

ஏலத்தில் எஞ்சினை வாங்குதல் ஒருநாள் வேலை. அதை வீடு சேர்த்தலே பெரும்பாடு.

வேல்ஸ் நாட்டின் டினோர்விக் சிலேட்டுக் கற்குழி 1969இல் மூடப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பரில் அதன் உடைமைகள் ஏலமிடப்பட்டன. அம்மலைச்சரிவில் படிபடியாக வெட்டிய தளங்களிலே சிறு நீராவி எஞ்சின்கள் கல் இழுத்தன. அவை மேற்றளம் சென்றது தம் வலிமையாலன்று. சாய்வுப் பாதையில் இரும்புக் கயிறே அவற்றை ஏற்றியது. தொழில் நின்றதும் கயிறும் நின்றது. பாரம் இழுத்த எஞ்சின் தானே பாரமாயிற்று. உச்சியில் எஞ்சியவற்றைக் கழற்றிப் பகுதி பகுதியாகவே இறக்க நேர்ந்தது.

அந்த ஏலத்தில் மூன்று நீராவி எஞ்சின்களை ஒரு புதிய கம்பனி வாங்கிற்று. கற்குழியின் பழைய புகையிரதப் பாதை கிடந்த லன்பெரிஸ் ஏரிக்கரையிலே, 1971இல் புதிய பாதை திறக்கப்பட்டது. 1922இற் செய்யப்பட்ட டொல்பாடார்ன், கல்லுக்குப் பதிலாக அங்கே மக்களை இழுத்தது.