பைக்கில் மஞ்சள் லைட் எரியுதா? ஆக்சிஜன் சென்சாரை மாற்றும் முன் இதைச் செக் பண்ணுங்க!

புதுக்கோட்டை மாவட்டம் அரிமளம் மாதிரியான ஊர்களில் பைக்குக்கு ஏதாவது ஆனால் பெரும்பாலானோர் முதலில் போய் நிற்பது உள்ளூர் மெக்கானிக்கிடம்தான். கார்புரேட்டர் வண்டி என்றால் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்தே ட்யூனிங் முடிந்துவிடும். இப்போது அப்படி இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்6 விதி அமலுக்கு வந்த பிறகு, ஸ்பிளெண்டர், ஆக்டிவா வரைக்கும் ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. கூடவே மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட்டும்.

அந்த லைட் எரிந்து, மைலேஜும் குறைந்தால் பல இடங்களில் வரும் பதில் ஒன்றுதான்: "ஆக்சிஜன் சென்சார் போச்சு, மாத்திடலாம்." சரி, மாற்றியாச்சு. ரெண்டு நாளில் லைட் திரும்ப எரிந்தால்? சென்சாருக்குக் கொடுத்த காசு போனதுதான் மிச்சம். எலக்ட்ரிக்கல் பொருள் என்பதால் பெரும்பாலான கடைகளில் திருப்பி வாங்க மாட்டார்கள்.

அந்தச் சென்சாருக்கு என்ன வேலை?

இன்ஜினில் இருந்து சைலன்சருக்குப் போகும் பெண்ட் பைப்பிலோ, இன்ஜின் ஹெட் பக்கத்திலோ ஸ்பார்க் பிளக் போலவே திருகி மாட்டியிருப்பார்கள். வெளியேறும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை வெளிக்காற்றோடு ஒப்பிட்டு, அதை வோல்டேஜாகச் சொல்வதுதான் இதன் வேலை. ஆக்சிஜன் அதிகம் என்றால் சுமார் 0.1 வோல்ட், பெட்ரோல் அதிகமாகி ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால் சுமார் 0.9 வோல்ட். 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தக் கணக்கு தவறாமல் இருக்க, இசியு எனும் கன்ட்ரோல் யூனிட் இந்தச் சென்சார் பேச்சைக் கேட்டுத்தான் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது.

இது புது விஷயமும் இல்லை. 1976லேயே வோல்வோ காரில் வந்துவிட்டது. நம்மூர் 100 சிசி பைக்குக்கு வந்து சேரத்தான் இவ்வளவு காலம்.

லைட் எரிஞ்சா சென்சார் போச்சுன்னு அர்த்தமா?

இல்லை. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஸ்கேனர் போட்டால் வரும் கோடு, கோளாறு எந்தப் பக்கம் என்று மட்டும்தான் சொல்லும். எந்தப் பொருளை மாற்றணும் என்று சொல்லாது. பி0131 என்றால் சென்சார் வோல்டேஜ் குறைவு, பி0132 என்றால் அதிகம், பி0133 என்றால் சென்சார் மெதுவாக வேலை செய்கிறது, பி0135 என்றால் சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டர் சர்க்யூட்டில் சிக்கல். ஸ்கேனர் இல்லாத இடத்தில் சில மாடல்களில் லைட் சிமிட்டும் கணக்கை வைத்தும் கண்டுபிடிக்கலாம். பல ஹோண்டா வண்டிகளில் நீளமாக 2 தடவை, குட்டியாக 1 தடவை சிமிட்டினால் அது 21, அதாவது ஆக்சிஜன் சென்சார்.

ஒரு உதாரணம் பாருங்க. இன்ஜின் ஹெட்டும் பெண்ட் பைப்பும் சேரும் இடத்தில் கேஸ்கெட் லீக் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் அதையும் சேர்த்து அளந்து, "ஆக்சிஜன் அதிகம்" என்று சொல்லும். இசியு அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். பிளக் கருப்பாகும், பெட்ரோல் வாடை வரும், மைலேஜ் விழும். சென்சார் பார்த்ததைத்தான் சொன்னது. இந்த வண்டிக்கு மூணு சென்சார் மாற்றினாலும் பிரச்சினை தீராது. மாற்ற வேண்டியது கேஸ்கெட்.

இன்ஜெக்டர் ஒழுகினாலும், ஏர் ஃபில்டர் அடைத்தாலும், பெட்ரோல் பம்பில் பிரஷர் குறைந்தாலும் சென்சார் அளவு மாறத்தான் செய்யும்.

முதலில் எதைப் பார்க்கணும்?

காசு செலவில்லாத வேலையில் இருந்து தொடங்குங்க. சென்சாரில் இருந்து வரும் வயரை அதன் கப்ளர் வரை கண்ணால் பாருங்க. எலி கடித்திருக்கலாம், சூடான பைப்பில் பட்டு உருகியிருக்கலாம். வாட்டர் சர்வீஸுக்குப் பிறகு லைட் எரிய ஆரம்பித்தது என்றால் முதல் சந்தேகம் கப்ளருக்குள் போன தண்ணீர் மேல்தான். கழற்றி, காயவைத்து, பின்னில் பச்சையாகப் பூத்திருக்கிறதா என்று பார்க்கணும். சத்தத்துக்காக வேற சைலன்சர் மாட்டிய வண்டி என்றால் வேற எங்கேயும் தேட வேண்டாம், அங்கிருந்தே தொடங்கலாம். பைப் இணையும் இடத்தில் கரி படிந்திருந்தால் லீக் இருக்கிறது.

அடுத்தது டிஜிட்டல் மல்டிமீட்டர். சென்சார் சுமார் 300 டிகிரி சூட்டுக்கு வந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதனால் வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கிய பிறகே பார்க்கணும். சிக்னல் வயரில் 0.1க்கும் 0.9க்கும் இடையே வோல்டேஜ் விடாமல் ஏறி இறங்கினால் சென்சார் உயிரோடுதான் இருக்கிறது. ஒரே இடத்தில் நின்றால், ஏர் ஃபில்டர் வாயை லேசாக மறைத்துப் பாருங்க. அப்போது வோல்டேஜ் சட்டென ஏறினால் சென்சார் சரி, கோளாறு வேற இடத்தில். அப்பவும் அசையவில்லை, வயரிங்கும் நன்றாக இருக்கிறது என்றால்தான் சென்சார் மேல் பழி போடலாம்.

இந்தக் கணக்கு ஜிர்கோனியா வகை சென்சாருக்கு. வேற வகை வரும் மாடல்களுக்கு சர்வீஸ் மேனுவல் அளவுதான் சரி. சிக்னல் வயரில் ஓம்ஸ் வைத்து அளக்கவே கூடாது, நல்ல சென்சாரும் கெட்டுவிடும். நாலு வயர் வரும் சென்சாரில் பொதுவாக ரெண்டு ஹீட்டருக்கானது. அதில் மட்டும் ஓம்ஸ் பார்க்கலாம்.

எத்தனால் பெட்ரோல்தான் காரணமா?

இப்போது மைலேஜ் குறைந்தாலே எல்லாரும் கைகாட்டுவது 20% எத்தனால் கலந்த பெட்ரோலைத்தான். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பழைய பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10% எத்தனாலுக்கு ட்யூன் செய்த டூவீலர்களில் 3 முதல் 4% வரை மைலேஜ் குறையலாம் என 2021ல் வெளியான நிதி ஆயோக் அறிக்கையே சொல்கிறது. அப்படிப் பார்த்தால் 60 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 58க்கு இறங்கலாம். 45க்கு இறங்கினால் எத்தனாலைத் திட்டிப் பயனில்லை, வண்டியைத்தான் பார்க்கணும்.

லைட்டை அப்படியே விட்டா என்ன ஆகும்?

வண்டி ஓடும். ஆனால் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைக் கெடுக்கும். அதன் விலைக்கு முன்னால் சென்சார் ஒண்ணுமே இல்லை. புகைச் சோதனையிலும் சிக்கல் வரும். மாசு அளவைத் தாண்டும் வண்டிக்கு 2019 சட்டத் திருத்தப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டி லைட்டை அணைப்பது வெறும் கண்துடைப்பு. கோளாறு இருந்தால் திரும்ப எரியும்.

கடைசியில் மாற்றியே ஆகணும் என்றால், பைப் ஆறிய பிறகு கழற்றணும். புதுச் சென்சாரின் முனையில் கிரீஸ், ஆயில் படக்கூடாது. பக்கத்து ஜாயின்ட்டில் சாதாரண சிலிகான் பேஸ்ட் தடவவும் விடாதீங்க. அதன் ஆவியே சென்சாரைக் கெடுத்துவிடும். மாட்டியதும் கோடை அழித்து, நன்றாகச் சூடாகும் வரை ஓட்டிவிட்டு, கோடு திரும்ப வருகிறதா என்று இன்னொரு முறை பார்த்த பிறகு காசைக் கொடுங்க. பழைய சென்சாரையும் கையோடு வாங்கிக்கோங்க.