பின்பக்கச் சுவர் என்ன நிறம்?

ஒரு சின்னக் கேள்வி. யோசிக்காமல் சட்டென்று பதில் சொல்லவேண்டும்.

உங்கள் ஊர் ரயில்வே ஸ்டேஷனின் பின்பக்கச் சுவர் என்ன நிறம்?

முழிக்கிறீர்கள் அல்லவா? நானும் முழித்தேன். எத்தனை நூறு தடவை அங்கே ஏறி இறங்கியிருப்போம். டிக்கெட் கவுன்ட்டர் தெரியும், டீக்கடை இன்னும் நன்றாகவே தெரியும். பின்பக்கத்தை யார் பார்த்தார்கள்?

இங்கிலாந்தில் இப்படிப்பட்ட கேள்விக்கு விடை தேடி வருஷக்கணக்கில் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய போட்டோக்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். ரிட்டயரான போர்ட்டர்களைத் தேடிப் பிடித்து விசாரிப்பார்கள். எதற்கு? வீட்டுக்குள் பொம்மை ரயில் விட!

'வேலையற்ற வேலை' என்று சிரித்துவிடாதீர்கள். இதற்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது.

தென்மேற்கு இங்கிலாந்தில், டெவன் மாவட்டத்தில், டார்ட்மூர் என்றொரு மேட்டு நிலம். அதன் ஓரத்தில் ஆஷ்பர்ட்டன் என்ற சின்ன ஊர். 1872 மே 1-ம் தேதி அங்கே ரயில் வந்தது. டாட்னெஸ் என்ற மெயின் லைன் ஊரிலிருந்து பிரிந்து வரும் ஒன்பதரை மைல் கிளைப் பாதை. ஆஷ்பர்ட்டனோடு தண்டவாளம் முடிந்துவிடும். ஒரே ஒரு பிளாட்பாரம். அதையும் ரயிலையும் சேர்த்து மூடும் மரக் கொட்டகை. ஒரு சரக்கு ஷெட், ஆடு மாடு ஏற்ற ஒரு பட்டி... ஸ்டேஷன் அவ்வளவுதான்.

பிற்காலத்தில் வந்து போனது பெரும்பாலும் ஒரு குட்டி இன்ஜினும் 'ஆட்டோ கோச்' என்ற பெட்டியும். பெட்டியின் கோடியிலும் டிரைவருக்கு ஓர் அறை உண்டு. ஒரு திசையில் இன்ஜின் பெட்டியை இழுக்கும். மறு திசையில் பின்னாலிருந்து தள்ளும். டிரைவர் பெட்டி முனையில் நின்றபடி ஓட்டுவார். கடைசி ஸ்டேஷனில் இன்ஜினைக் கழற்றி மறுபக்கம் மாட்டுகிற தொல்லையே இல்லை!

1958 நவம்பர் 3 முதல் பயணிகள் ரயில் நின்றது. 1962-ல் சரக்கு ரயிலும் போயிற்று.

ஆனால், ஆஷ்பர்ட்டனுக்கு இன்னமும் ரயில் வந்துகொண்டிருக்கிறது. எங்கே? ஆங்கிலேயர்களின் வீட்டு மாடியறைகளில்! மாடல் ரயில் கட்டுகிறவர்களின் செல்லப் பிள்ளை இது போன்ற கிளைப் பாதைக் கடைசி ஸ்டேஷன்கள்தான். காரணம், இடம். 4 மில்லிமீட்டர் ஒரு அடிக்குச் சமம் என்பது அங்கே வழக்கமான அளவு. அதாவது, நிஜத்தில் எழுபத்தாறில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் ஒன்பதரை மைல் பாதையே 200 மீட்டர் ஆகிவிடும். எந்த வீடு தாங்கும்? அதனால் ஸ்டேஷனை மட்டும் பலகையின்மேல் கட்டுவார்கள். ரயில் புறப்பட்டு ஒரு பாலத்தடியில் நுழைந்து மறைந்துவிடும். அந்தப் பக்கம், திரைக்குப் பின்னால், கையால் பெட்டிகளை மாற்றி வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். நாடக மேடையின் சைடு விங் மாதிரி.

ஆனால், அளவு விஷயத்தில் ஒரு வேடிக்கை. நிஜத் தண்டவாளங்களுக்கு இடையே 1,435 மி.மீ. அடிக்கு 4 மி.மீ. கணக்கில் பொம்மையில் ஏறத்தாழ 18.83 மி.மீ. வரவேண்டும். கடையில் விற்கும் பொம்மைத் தண்டவாளமோ 16.5 மி.மீ.தான்! அந்தக் காலத்து மோட்டார், இங்கிலாந்தின் ஒல்லியான இன்ஜினுக்குள் அடங்கவில்லை. அதனால் இன்ஜினை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டு, தண்டவாளத்தைப் பழைய அளவிலேயே விட்டுவிட்டார்கள். இந்த இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் பிழையைப் பொறுக்க முடியாமல், 18.83-லேயே தண்டவாளத்தைக் கையால் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்!

அடுத்த தலைவலி, எந்த வருஷம்? 1947 டிசம்பர் 31 வரை அது கிரேட் வெஸ்டர்ன் கம்பெனி ரயில். மறுநாள் காலை அரசாங்க ரயில். மாடலில் 1936 என்று முடிவு செய்துவிட்டால், இன்ஜின்மேல் 'பிரிட்டிஷ் ரயில்வே' என்று எழுதக்கூடாது. ரோட்டில் நிற்கும் காரும் சுவரில் ஒட்டிய விளம்பரமும் அந்த வருஷத்துக்கு ஒத்துவரவேண்டும். சரித்திரப் பேராசிரியர் செய்கிற வேலைதானே இது?

இதைத் தவமாகவே செய்தவர் ஒருவர் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-ல் இங்கிலாந்து வந்த இளைஞர். பெயர் ராய் இங்கிலாண்ட் (நிஜமாகவே பெயர் அதுதான்!). ரயில்மேல் பித்து. வந்த இடத்தில் சுற்றியிருந்த கிராமங்களின் அழகில் மயங்கிப்போனார். கண்ணெதிரிலேயே கூரை வீடுகள் மாறிக்கொண்டிருந்தன. 'தடுக்க முடியாது, பதிவாவது செய்வோம்' என்று வீடு வீடாக அளவெடுத்து அட்டையில் மாடல் செய்ய ஆரம்பித்தார். 1954-ல், ஒரு காலத்தில் மதுக்கடையாக இருந்த கட்டடத்தில் பெண்டன் மியூசியம் பிறந்தது. 1995-ல் அவர் காலமானார். மற்றவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். ரயிலும் கிராமமுமாக 1930-களின் இங்கிலாந்து அங்கே இருக்கிறது.

ராய் பயந்தது வீடுகளுக்கு. இடி விழுந்தது ஸ்டேஷன்கள்மேல். 1963 மார்ச் மாதம் ரயில்வே தலைவர் டாக்டர் பீச்சிங் ஓர் அறிக்கை வெளியிட்டார். பாதைகளில் மூன்றில் ஒரு பங்கில் நடப்பது, மொத்தப் பயணிகள் போக்குவரத்தில் 1 சதவிகிதம்தான் என்றார். 2,363 ஸ்டேஷன்களை மூடச் சிபாரிசு. அவரை நியமித்த போக்குவரத்து மந்திரி மார்பிள்ஸ், ரோடு போடும் கம்பெனியை வளர்த்து ஆளானவர் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

நான் படித்தது பி.காம். நஷ்டத்தில் ஓடும் கிளையை மூடு என்று முதல் வருஷ மாணவனே சொல்வான். பீச்சிங்கைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனால், அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. கிளை வெட்டுப்பட்டதும், அதில் வந்தவர்கள் மெயின் லைனுக்கும் வரவில்லை. பலர் வீட்டிலிருந்தே காரில் போய்விட்டார்கள். நஷ்டம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. ரயிலுக்குப் பதிலாக விட்ட பஸ்களும் பல இடங்களில் சீக்கிரமே நின்றன. கார் இல்லாத கிழவி என்ன செய்தாள் என்பதற்கு லெட்ஜரில் பத்தி கிடையாது.

இனிமேல்தான் உச்சக்கட்டம். ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து ஆஷ்பர்ட்டன் பாதையை விலைக்கு வாங்கினார்கள். 1969 மே மாதம் நீராவி ரயில் திரும்ப ஓட அதிகாரபூர்வத் திறப்பு விழா. திறந்து வைத்தது யார் தெரியுமா? சாட்சாத் டாக்டர் பீச்சிங்! ஆனால், ரயில் பக்ஃபாஸ்ட்லீ வரைதான். அதற்கு மேலே ஆஷ்பர்ட்டன் வரையிலான பாதையை 'ஏ 38' என்ற நெடுஞ்சாலை விழுங்கிவிட்டது. ஆஷ்பர்ட்டன் ஸ்டேஷன் கொட்டகை? கார் ரிப்பேர் கடை ஆயிற்று!

டாட்னெஸிலிருந்து பக்ஃபாஸ்ட்லீக்கு நீங்கள் இப்போதும் நீராவி ரயிலில் போகலாம். ஆஷ்பர்ட்டனுக்குப் போகவேண்டுமென்றால், யாராவது ஒருவர் வீட்டு மாடிப்படி ஏறவேண்டும். அங்கே எப்போதும் வெயிலடிக்கும் பிற்பகல். யாரும் ரயிலைத் தவறவிடுவதில்லை. அந்த அளவுக்கு அது பொய்தான். ஆனால், பின்பக்கச் சுவரின் நிறம் மட்டும் நிஜம். அதைச் சொன்ன போர்ட்டர் இன்றைக்கு இல்லை. கேட்டு வைத்ததால் பிழைத்தது.

அடுத்த தடவை உங்கள் ஊரில் இறங்கும்போது, ஸ்டேஷனை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.